மின்வண்டி வருமுன்

விருந்தினர் வருவர் என்னும் செய்தி எட்டியதும் இல்லத்தைத் தூய்மை செய்து, இருக்கை இட்டு, உலையேற்றிக் காத்திருத்தல் நம் நாட்டார்க்கு இயல்பு. விருந்தினரைத் திண்ணையில் இருத்திவிட்டு அதன் பின்னர் அரிசி தேடுவார் உளராயின் அவரை ஊர் நகையாடும். ஆயின், இக்காலத்தில் நம் இல்லங்களுக்கு வந்துகொண்டிருக்கும் புது விருந்தொன்றனை நாம் பெரும்பாலும் அவ்வாறே எதிர்கொள்கின்றோம். அவ்விருந்தாவது மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டி. அதன் நிறத்தையும் விலையையும் விரைவையும் பல திங்கள் ஆராய்கின்றோம். அஃது இரவுதோறும் உண்ணவேண்டிய உணவு நம் வீட்டுச் சுவரினின்றே வரவேண்டும் என்பதனை மட்டும் மறந்துவிடுகின்றோம். வண்டியைத் தேர்தல் எளிது. அதனை ஏற்கும் வீட்டை ஆயத்தம் செய்தலே கருத்து வேண்டுவது. இதனை இயன்ற அளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவன் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பள்ளியாசிரியராகிய எம் தந்தையார், பல ஆண்டு உழைத்து ஓய்ந்த பெட்ரோல் வண்டியை விற்றுச் சிறிய மின்வண்டி ஒன்றுக்கு முன்பணம் கட்டினார். வீட்டில் அனைவரும் மகிழ்ந்திருக்க, எம் ஆச்சி மட்டும் ஒரு வினா எழுப்பினார். ஆச்சிக்கு மூச்சிரைப்பு நோய் உண்டு. ஆண்டில் இருமுறையேனும் அவரை நள்ளிரவில் பாளையங்கோட்டை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேரும். எம் ஊரினின்று அது 30 கிலோமீட்டர். "நடுச்சாமத்தில் எனக்கு மூச்சு முட்டினால் இந்த வண்டி வருமா, ஐயா? அன்றைக்கென்று கரண்டு போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டார். எங்களுள் ஒருவரும் உடனே விடை கூறவில்லை. வண்டி வருவதற்கு இரண்டு திங்கள் இருந்தன. அவ்விரண்டு திங்களில், அறிந்தாரைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் எங்கள் வீட்டையே சோதித்தும் யான் தெரிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

மின்வண்டி இன்று நேற்றுத் தோன்றியதன்று. மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றத்தக்க ஈயப் பேட்டரியைப் பிரெஞ்சு நாட்டுப் பிளாந்தே என்பார் 1859-ஆம் ஆண்டில் அமைத்தார். அந்நாட்டவராகிய துரூவே என்பார் 1881-இல் மின்சாரத்தால் இயங்கும் மூன்று சக்கர வண்டியைப் பாரிசு நகரத் தெருவில் ஓட்டிக் காட்டினார். பெல்ஜிய நாட்டு யெனாட்சி என்பார் 1899-இல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவை எய்தியதும் மின்வண்டியிலேயே. சாலை ஊர்தி ஒன்று அவ்வெல்லையைக் கடந்தது அதுவே முதன்முறை. பெட்ரோல் வண்டிகளை உலகெங்கும் பெருக்கிய ஹென்றி போர்டு என்பாரின் மனைவியாரே டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்னும் மின்வண்டியை ஓட்டிவந்தார் என்பது வியப்பன்றோ?

அத்துணைச் சிறப்புற்றிருந்த வண்டி பின்னர் வழக்கொழிந்தது என்னை? ஈயப் பேட்டரியின் சுமை ஒரு காரணம். பெட்ரோல் வண்டியைக் கையாற் சுழற்றாமலே கிளப்பும் கருவி 1912-இல் காடிலாக் வண்டிகளில் அமைந்தது மற்றொரு காரணம். மூன்றாவதாகிய காரணமே நம் பொருளுக்கு இன்றியமையாதது: நகரங்களுக்கு வெளியே வீடுகளில் மின்சாரம் இல்லை. 1935-ஆம் ஆண்டளவிலும் அமெரிக்க நாட்டுப் பண்ணை வீடுகளுள் பெரும்பாலானவை மின்விளக்கைக் கண்டதில்லை. பெட்ரோலைத் தகரத்தில் அடைத்து எவ்வூருக்கும் அனுப்பலாம். மின்சாரத்தை அங்ஙனம் அனுப்புதல் இயலாது. ஆகவே, வண்டி இருந்தும் அதனை ஏற்கும் வீடு இல்லாமற் போயிற்று. பின்னர் எடை குறைந்த லித்தியம் அயனிப் பேட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடிகோலிய குட்னஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் மூவரும் 2019-இல் நோபெல் பரிசு பெற்றனர். நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டில் பெங்களூரினின்று வெளிவந்த ரேவா என்னும் சிறு வண்டி ஈயப் பேட்டரியாலேயே ஓடியது. இன்று விற்கும் மின்கார்கள் லித்தியம் வகையைக் கொண்டவை. வண்டியின் குறை இவ்வாறு தீர்ந்தது. வீட்டின் குறை தீர்ந்ததா என்பதே இனி நாம் ஆராயவேண்டுவது.

முதற்கண் செய்யவேண்டுவது கணக்கு. ஆயிரம் வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் செலவிடுதல் ஒரு யூனிட் எனப்படும். நம் வீட்டு மின் அட்டையில் எழுதப்படுவதும் இந்த யூனிட்டே. வண்டியின் பேட்டரி கொள்ளும் அளவைக் குறிப்பதும் இதுவே. எம் தந்தையார் தேர்ந்த வண்டியின் பேட்டரி 24 யூனிட் கொள்வது. சிறிய மின்வண்டி ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடும். நடுவாக 7 எனக் கொண்டால், நிறைந்த பேட்டரி 168 கிலோமீட்டர் கொண்டுசெல்லும். விற்பனை ஏட்டில் இதனினும் பெரிய தொலைவு அச்சிட்டிருக்கும். அது சோதனைச்சாலையில் அளந்தது. வெயிலும், குளிர்காற்றுக் கருவியும், விரைந்தோடும் காலும் அதனைக் குறைத்துவிடும்.

அதன் பின்னர், ஒரு திங்கள் முழுவதும் எங்கள் பயணங்களைக் குறிப்பேட்டில் எழுதிவந்தோம். தந்தையார் பள்ளிக்குச் சென்று மீளுதல், தங்கையை விட்டு வருதல், சந்தை, ஞாயிறு கோவில் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க, நாளொன்றுக்குச் சராசரி 38 கிலோமீட்டரே வந்தது. கணக்கெடுக்குமுன் தந்தையார் மதிப்பிட்டது 70. நம் ஓட்டத்தை நாமே இரட்டித்து எண்ணுகின்றோம் என்பதனை அன்று கண்டோம். 38 கிலோமீட்டருக்கு வேண்டுவது ஏறத்தாழ ஐந்தரை யூனிட். ஏற்றும்போது வெப்பமாகக் கழிவதனையும் சேர்த்தால் 6 யூனிட்டுக்குச் சிறிது மேற்படும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கின் வழியே மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏற்றலாம். ஆகவே இரவில் இரண்டு மணி நேரம் போதும். சுவரில் அறையும் 7 கிலோவாட் பெட்டி இல்லையேல் மின்வண்டியே கூடாது என்று அஞ்சுவார் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவார்க்கு அப்பெட்டி வேண்டும், எங்களுக்கு வேண்டா.

பிளக்கு ஒன்றிருந்தால் அமையும் போலும் என்று இதனால் எண்ணிவிடலாகாது. இங்குத்தான் பலரும் தவறுகின்றனர். எம் தாய்மாமன் இல்லத்தில் நிகழ்ந்ததனைக் கூறுவேன். அவர் எங்களுக்கு ஓராண்டு முன்னரே மின்வண்டி வாங்கினார். ஐம்பது ஆண்டுக்கு முன் கட்டிய வீடு. கம்பிகளும் அக்காலத்து அலுமினியக் கம்பிகளே. திண்ணையிலிருந்த 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜரைச் செருகிவிட்டு எல்லாரும் உறங்கினர். மூன்றாம் மணி நேரத்தில் ஏதோ கருகும் நாற்றம் எழ, அத்தை விழித்துச் சென்று பார்த்தார். பிளக்குப் பலகை கறுத்து உருகிக்கொண்டிருந்தது. அதனை அடுத்த அறையில் குழந்தைகள் இருவர் துயின்றுகொண்டிருந்தனர். மாமன் ஓடிச்சென்று மெயின் சுவிட்சை அணைத்தமையால் பெருந்தீங்கு நேரவில்லை.

இதற்குக் காரணம் யாது? மின்சாரம் பாயும் கம்பியில் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதனை ஆங்கில அறிஞர் ஜூல் 1841-இல் வெளியிட்டார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். 75 வாட் மின்விசிறி 230 வோல்ட்டில் ஆம்பியரின் மூன்றிலொரு பங்கையே இழுக்கும். வண்டியின் சார்ஜர் இழுப்பது 15 ஆம்பியர். அஃதாவது 45 மடங்கு. ஆகவே, ஒரே கம்பியில் விசிறி எழுப்பும் வெப்பத்தினும் சார்ஜர் எழுப்பும் வெப்பம் ஏறத்தாழ 2,000 மடங்கு மிகுதி. துணி தேய்க்கும் பெட்டியும் மிக்க மின்சாரத்தை இழுப்பதன்றோ எனின், அது கால் மணி நேரத்தில் அணைந்துவிடும், கம்பியும் ஆறிவிடும். வண்டியோ பல மணி நேரம் இடைவிடாது உண்பது.

அதனினும் கொடியது தளர்ந்த இணைப்பு. திருகாணி சிறிது நெகிழ்ந்து, அவ்விடத்தில் ஓமில் பத்திலொரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 15 ஆம்பியர் அதன் வழியே பாயும்போது 22 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் அவ்வொரு புள்ளியிலேயே எழும். வானொலிப் பெட்டி பழுது பார்ப்போர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் கருவியின் ஆற்றல் 25 வாட்டே என்பதனை நினைக்க. மாமன் வீட்டுச் சுவரினுள் அத்தகைய கருவி ஒன்று மூன்று மணி நேரம் காய்ந்துகொண்டிருந்தது என்றால் மிகையாகாது. அலுமினியம் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, திருகாணிப் பிடியினின்று நாளடைவில் நெகிழும் தன்மையது. ஆதலின் அவ்வீட்டில் குற்றம் வண்டியினதன்று. விளக்குக்கும் விசிறிக்குமென இட்ட வழியில் யானையை நடத்தியதே குற்றம்.

ஆகவே, வண்டிக்கென மெயின் பெட்டியினின்று தனிவழி ஒன்று இடுதல் வேண்டும். அவ்வழியில் வேறு விளக்கோ பிளக்கோ இருத்தல் கூடாது. கம்பி செம்புக் கம்பியாதல் வேண்டும். 15 ஆம்பியருக்கு எங்கள் எலக்ட்ரீஷியன் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இட்டார். 32 ஆம்பியர் இழுக்கும் சுவர்ப்பெட்டியாயின் 6 சதுர மில்லிமீட்டரேனும் வேண்டும்; வழி நீண்டதாயின் இன்னும் பருத்தது வேண்டும். மிகையான மின்னோட்டத்தை அறுக்கும் எம்.சி.பி. என்னும் சுவிட்சு அதற்கெனத் தனியே இருத்தல் வேண்டும். நீட்டிப்புக் கம்பிகளாகிய எக்ஸ்டென்ஷன் வயர்களை ஒருபோதும் இடையிற் புகுத்தலாகாது. ஏற்றத் தொடங்கிய முதல் நாள், அரை மணி நேரத்திற்குப் பின் சார்ஜரை நிறுத்திப் பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு குற்றமன்று, கை பொறுக்கலாகாச் சூடு இருக்குமாயின், இணைப்பைத் திருத்துமளவும் அதனைப் பயன்படுத்தலாகாது.

அடுத்து அறியவேண்டுவது எர்த் என்பது. வண்டியின் உடல் இரும்பாலாகியது. உள்ளே ஏதேனும் பழுது நேர்ந்து மின்சாரம் உடலிற் கசியுமாயின், அதனைத் தொடுவார்க்கு உயிர்க்கேடு. கசியும் மின்சாரம் மனிதர் வழியே செல்லாமல் எளிய வேறு வழியில் மண்ணை அடைதற்பொருட்டு, பூமியிற் புதைத்த உலோகக் குழாயோடு ஒரு கம்பியை இணைத்து வைக்கின்றனர். பிளக்கின் மூன்று துளைகளுள் பெரிய துளை அதற்கே உரியது. பழைய வீடுகள் பலவற்றில் அத்துளை இருக்கும். அதன் பின்னே கம்பி இராது. விசிறிக்கும் விளக்குக்கும் அதனாற் குறை தோன்றாமையால் ஆண்டுக்கணக்கில் எவரும் அறிவதில்லை. மின்வண்டியின் சார்ஜரோ எர்த் உண்டா என்று தானே சோதித்து, இல்லையெனின் சிவப்பு விளக்கைக் காட்டி ஏற்ற மறுக்கும்.

மாமன் வீட்டில் முதல் நாள் அவ்வாறே மறுத்தது. அதனைத் 'திருத்த' வந்தவர் எர்த் துளையை நியூட்ரல் கம்பியோடு இணைத்துவிட்டார். உடனே பச்சை விளக்கு எரிந்தது, எல்லாரும் மகிழ்ந்தனர். உண்மையில் அது காவலனைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்து வைத்த செயலே. தெருவிலோ வீட்டிலோ நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்துவிடின், 230 வோல்ட் மின்சாரம் அந்த இணைப்பின் வழியே வண்டியின் உடலுக்கே வந்துவிடும். காலையில் கதவைத் திறக்கத் தொடுபவர் நிலை என்னாம்? சார்ஜரின் மறுப்பு நமக்கு இடையூறன்று. அது நமக்குச் செய்யும் எச்சரிக்கை. இதனை இல்லத்தார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கெனப் பின்புறத்தில் குழி தோண்டிக் குழாய் புதைத்து, கரியும் உப்பும் இட்டு, நீர் வார்த்துப் புது எர்த் அமைத்தோம். அதன் தடையைக் கருவியால் அளந்து குறித்துக்கொண்டோம். கோடையில் மண் உலர்ந்தால் தடை மிகும். ஆகவே அக்காலத்தில் குழிக்கு நீர் வார்த்தல் ஆச்சி தாமே மேற்கொண்ட பணியாயிற்று. இதனோடு ஆர்.சி.சி.பி. என்னும் காப்புச் சுவிட்சும் இன்றியமையாதது. செல்லும் மின்சாரமும் மீளும் மின்சாரமும் ஒத்திருக்கின்றனவா என்று அஃது ஓயாது நோக்கிக்கொண்டிருக்கும். ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு வேறுபாடு தோன்றினும் நொடிக்குள் மின்சாரத்தை அறுத்துவிடும். அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானைத் திங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நல்வழக்கம்.

இனி, வீட்டின் மொத்தப் பளுவை நோக்குவாம். ஒவ்வோர் இணைப்புக்கும் இத்துணைக் கிலோவாட் என மின்வாரியம் ஒப்புதல் அளித்திருக்கும். எங்கள் வீட்டில் வெந்நீர்க் கருவி 2 கிலோவாட். கிணற்று மோட்டார் ஒரு குதிரைத்திறன், அஃதாவது முக்கால் கிலோவாட். இவற்றோடு வண்டியின் 3 கிலோவாட்டும் ஒரே வேளையில் சேருமாயின் ஒப்புதல் பெற்ற அளவு கடந்துவிடும். ஆதலின் பளுவை உயர்த்தித் தருமாறு விண்ணப்பித்தோம். அதனோடு ஒழுங்கு ஒன்றும் வகுத்தோம். மோட்டார் மாலையில், வெந்நீர் காலையில், வண்டிக்கு இரவு பத்து மணிக்குமேல். வண்டியிலேயே நேரம் குறித்து வைக்கும் வசதி இருத்தலின் எவரும் விழித்திருக்க வேண்டுவதில்லை. வாடகை வீட்டிலும் அடுக்கு வீட்டிலும் வாழ்வார் இவற்றிற்கெல்லாம் முன்னரே உரிமையாளரின் இசைவைப் பெறுதல் நன்று.

கட்டணத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். எங்கள் வீட்டில் இரண்டு திங்களுக்கு 280 யூனிட் செலவாகிவந்தது. வண்டிக்கு நாளொன்றுக்கு 6 யூனிட் எனின் அறுபது நாளுக்கு 360, கூட்ட 640. நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை இல்லை. அளவு ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். ஆகவே வண்டியின் 360 யூனிட்டும் நமக்கு உயர்ந்த படியிலேயே விழும் என்பதனை மனங்கொள்ளல் வேண்டும். அங்ஙனம் கணக்கிட்டும், அதே தொலைவுக்குப் பெட்ரோலுக்கு நாங்கள் கொடுத்துவந்ததனினும் அது மிகக் குறைவாகவே இருந்தது. கூரையில் கதிரவனொளித் தகடு இடுவார்க்கு, ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். எங்களுக்கு அது பிற்காலத்து எண்ணம்.

இம்மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டு. 1944-இல் தோன்றிய பாபநாசத்து நீர்மின் நிலையமும், முப்பந்தல் வெளியிற் சுழலும் காற்றாலைகளும், கூடங்குளத்து அணுமின் நிலையமும் எம் பகுதிக்கு அணித்தே உள்ளன. தூத்துக்குடியில் நிலக்கரியை எரிக்கும் நிலையமும் உளது. ஆகவே மின்வண்டி புகையே இல்லாதது என்று பெருமை பேசுதல் முற்றும் உண்மையாகாது. ஆயினும், பெட்ரோல் எந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே இழக்கின்றது. மின்மோட்டாரோ பெற்றதிற் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றது. சிறார் நடக்கும் தெருவிலும் புகை எழுவதில்லை. இவ்வளவே நாம் துணிந்து கூறத்தக்கது.

சார்ஜர் அமையும் இடத்தையும் ஆராய்தல் வேண்டும். மழைச்சாரல் நேரே படாத இடமாதல் வேண்டும். தரையினின்று உயர்ந்திருத்தலும் வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, நெல்லை, தூத்துக்குடிச் சீமைகள் வெள்ளக்காடானதனை நாங்கள் மறக்கவில்லை. அன்று எங்கள் திண்ணையில் நீர் நின்ற அளவைச் சுவரில் இன்றும் காணலாம். அக்கோட்டுக்கு ஒரு முழம் மேலே பிளக்கை அமைத்தோம். வெள்ளத்தில் மூழ்கிய மின்வண்டியைத் தாமே இயக்கவோ அதில் மின்சாரம் ஏற்றவோ முயலலாகாது. பணியகத்தார் வந்து சோதித்த பின்னரே தொடுதல் வேண்டும்.

வீடு ஆயத்தமானாற் போதாது. ஓட்டுவோரும் ஆயத்தமாதல் வேண்டும். மின்வண்டி ஓசையின்றி வரும். ஆடும் கோழியும் குழந்தைகளும் உலவும் ஊர்த்தெருவில், இரைச்சலைக் கேட்டு விலகிப் பழகியவர்கள் அதனை அறியமாட்டார்கள். ஆகவே மெல்லச் செல்லுதல் ஓட்டுவோர் கடன். மிதித்த அளவில் முழு விசையும் எழுமாதலால், முதல் சில நாள் காலை மென்மையாக வைத்துப் பழகுதல் வேண்டும். காலை எடுத்தவுடன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் விசையில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கு மீட்டுத் தந்து வண்டியின் வேகத்தைத் தணிக்கும். ஏற்றத்தில் செலவிட்டதில் ஒரு பங்கு இறக்கத்தில் மீளும். பெரிய பேட்டரியேயன்றி 12 வோல்ட் சிறு பேட்டரி ஒன்றும் வண்டியில் உண்டு. பெரிய பேட்டரி நிறைந்திருப்பினும் சிறியது சோர்ந்துவிட்டால் வண்டி விழிக்காது. ஆகவே அதனையும் உரிய காலத்தில் சோதித்தல் வேண்டும்.

நெடும்பயணத்துக்கு வழியிலுள்ள விரைவு நிலையங்கள் உதவும். வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். பேட்டரி ஏற்பது நேர்மின்சாரம். வீட்டில் இம்மாற்றத்தை வண்டியினுள் உள்ள சிறு கருவி மெல்லச் செய்கின்றது. விரைவு நிலையத்திலோ பெருங்கருவி வெளியிலேயே மாற்றிப் பேட்டரிக்கு நேரே செலுத்துகின்றது. நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்தபின் ஏற்றம் மிக மெதுவாகும். ஆகவே எண்பதில் நிறுத்திப் புறப்படுதலே காலச் சிக்கனம். ஒரு நிலையம் பழுதுற்றிருப்பின் அடுத்ததனை எட்டும் அளவு எப்போதும் கையிருப்பு வைத்தல் அறிவுடைமை.

நிற்க. ஆச்சியின் வினாவுக்கு விடை என்ன? மருத்துவமனைக்குச் சென்று மீள 60 கிலோமீட்டர். அதற்கு வேண்டுவது எட்டரை யூனிட்டுக்குச் சிறிது மேல். எங்கள் பேட்டரியில் நூற்றுக்கு 36 பங்கு. ஆகவே, எந்நாளும் மாலையில் வீடு திரும்பும்போது பேட்டரி நூற்றுக்கு ஐம்பதிற்குக் குறைந்திருத்தல் ஆகாது என்பதனை இல்லத்து விதியாக வகுத்தோம். இரவில் மின்சாரம் வருவதும் வராததும் அதன் பின்னர் நமக்குப் பொருட்டன்று. மறுநாளைய ஓட்டத்துக்கே அன்றி, அவ்விரவின் அவசரத்துக்கு அதனை நாம் எதிர்நோக்கவில்லை. இன்னும், ஏறிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்திக் கம்பியைக் கழற்றும் முறையை அம்மாவும் தங்கையும் யானும் இருளில் கையால் தடவிச் செய்யுமளவு பழகினோம். 108 என்னும் எண்ணையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். எந்த வண்டியையும் ஒன்றையே நம்பியிருத்தல் தகாது. முன்பு பெட்ரோல் வண்டி இருந்த காலத்தில் ஒருநாள் இரவு எரிபொருள் வற்றியிருக்க, அடுத்த வீட்டாரை எழுப்பி அவர் வண்டியில் ஆச்சியைக் கொண்டுசென்றோம் என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. ஆயத்தமின்மை எவ்வண்டிக்கும் பொதுவான குறையே.

வண்டி கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சில நாள் முன்னர் வந்தது. தைத் திங்களில் பனி மிகுந்த ஓரிரவு ஆச்சிக்கு மூச்சு முட்டிற்று. அன்று மாலையே ஊர் டிரான்ஸ்பார்மர் பழுதுற்று எங்கும் இருளாயிருந்தது. வண்டியின் பலகை 52 என்று காட்டியது. தந்தையார் ஓட்ட, அம்மா ஆச்சியைத் தாங்கிக்கொள்ள, மருத்துவமனையை அடைந்தோம். விடியற்காலையில் தந்தையாரும் யானும் வீடு மீண்டபோது 16 எஞ்சியிருந்தது. இரண்டு நாளில் ஆச்சி நலம் பெற்று, அதே வண்டியில் முன்னிருக்கையில் அமர்ந்து வீடு வந்தார். அதன் பின்னர் அவர் நாள்தோறும் மாலையில் கேட்கும் வினா ஒன்றே: "இன்றைக்கு எத்தனை இருக்கிறது, ஐயா?"

அவ்வினாவை ஒவ்வோர் இல்லத்தாரும் வண்டி வருமுன்னரே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். கம்பி எவ்வளவு தாங்கும், எர்த் உண்டா, நாளொன்றுக்கு எத்துணைத் தொலைவு, அவசரத்துக்கு எத்துணைக் கையிருப்பு என்னும் இந்நான்கையும் அறிந்துகொள்ளப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், நேர்மையுள்ள மின்பணியாளர் ஒருவரும், சிறிது பொறுமையும் போதும். நம் தாத்தாமார் காலத்தில் விளக்குக்கென இட்ட கம்பிகள் தம் கடமையைச் செவ்வனே செய்து முடித்தன. புது விருந்துக்கு உரிய வழியை அமைத்தல் நம் தலைமுறையின் கடமை. அதனை விருந்து வாயிலில் வந்து நின்ற பின்னர் அன்று, வருமுன்னரே செய்து வைப்போமாக.